சீருடை, கலைத்திருவிழா, மாலை வகுப்பு: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். என் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். ஜூன் பிறந்துவிட்டால் ரேஷன் கடை வரிசையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அம்மாக்கள் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. மூன்று ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் அரசுப் பள்ளியை வைத்தே எழுதியிருக்கிறேன். தனியார் பள்ளிக்கு வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

சீருடைக்காகவோ, முடிக்காகவோ, ஷூவுக்காகவோ ஒரு பிள்ளை ஒரு பீரியட் பாடத்தைக்கூட இழக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கீழே உள்ள பதில்களை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அக்கா, கவர்மென்ட் ஸ்கூல்ல யூனிஃபார்ம் எல்லாருக்கும் ஃப்ரீதானே?

எல்லாருக்கும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, சத்துணவுப் பட்டியலில் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் இலவசம். நான்கும் ஒன்றாக வராது, ஒவ்வொன்றாகத்தான் வரும். புத்தகம், நோட்டு, பை, காலணி எல்லாம் தனித் திட்டங்களில் வருகின்றன.

நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சத்துணவுப் பட்டியலைத்தான். "எம் பொண்ணு வீட்டுச் சோறுதான் துன்னுவா" என்று சேர்க்கும்போதே சத்துணவு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு சீருடை வரும்போது பெயர் இல்லை என்று வருத்தப்படுகிறார்கள். சத்துணவில் இப்போது கலவை சாதமும் முட்டையும் போடுகிறார்கள். பிள்ளை நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

கொடுத்த யூனிஃபார்ம் தொளதொளன்னு கீது. மாத்திக் கேக்கலாமா?

கேட்கலாம். இந்தச் சீருடைகளைத் தைப்பவர்கள் பெண்கள் தையல் தொழில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள். பள்ளிக்கு அளவெடுக்க வரும் நாளில் பிள்ளை வகுப்பில் இருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் அளவு தப்பும். ரொம்பச் சின்னதாக இருந்தால் அதே வாரத்தில் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். துவைத்துவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள்.

பெரிதாக இருந்தால் மாற்றவே வேண்டாம். தெரு டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் துணியை வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கவாட்டில் உள்ளே மடித்து ஓட்டுத் தையல் போட்டால் போதும். கால்சட்டையின் அடி மடிப்பில் இரண்டு விரல் துணி விட்டுவைத்தால் அரைப் பரீட்சை லீவில் பிரித்து விடலாம். ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் வளர்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் யூனிஃபார்மே வரல. கலர் டிரஸ்ல அனுப்புனா கேட்லயே நிறுத்திடுவாங்களா?

நிறுத்தக் கூடாது. 6 வயது முதல் 14 வயது வரை படிப்பு பிள்ளையின் உரிமை என்று 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமைக்கு முன்னால் சட்டைக்கு இரண்டாம் இடம்தான். போன வருடச் சீருடை பத்துமானால் அதைப் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் சுத்தமான சாதாரண உடையில் அனுப்பிவிட்டு, டைரியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அதையும் மீறித் திருப்பி அனுப்பினால் அன்றைக்கே பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். நாலு நாள் கழித்துப் போனால் அந்த நாலு நாளும் பிள்ளை வீட்டில்தான் கிடக்கும்.

பஸ் பாஸும் வரலையே, கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொல்றாரு?

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும்போது போக்குவரத்துத் துறை இதை அறிவிக்கும்: புதிய பாஸ் கைக்கு வரும் வரை சீருடையோடு ஏறும் மாணவர்களையும் பழைய பாஸ் வைத்திருப்பவர்களையும் அரசுப் பேருந்தில் இலவசமாக ஏற்றிச் செல்ல வேண்டும். சீருடை வராத பிள்ளை பழைய பாஸை எடுத்துப் போகட்டும். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் எப்படியும் கட்டணம் இல்லை. பாகாயத்திலிருந்து காட்பாடி வரைக்கும் தனியார் பேருந்துகளும் ஓடுகின்றன. அவற்றில் பாஸ் செல்லாது. அவசரத்தில் அதில் ஏறிவிட்டால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

ஒன்பதாவதுக்கு நாங்களேதான் வாங்கணுமாம். எத்தனை செட் எடுக்கறது?

ஆமாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்கள் செலவுதான். முதலில் இரண்டு செட் எடுங்கள், போதும். மூன்றாவதைத் தீபாவளிக்கு முன்னால் வளர்ச்சியைப் பார்த்து எடுக்கலாம்.

லாங் பஜார் பக்கம் துணியாக எடுத்துத் தைத்தால் ரெடிமேடைவிட நாள்படும். நிறத்தை மட்டும் கடை விளக்கில் பார்த்து எடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளை ஒருவரின் பழைய சட்டையை எடுத்துப் போய், வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பாருங்கள். முழு பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் ஜூன் வெயிலுக்கு அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். 2023-லும் 2024-லும் வெயிலுக்காகவே பள்ளி திறப்பைத் தள்ளிவைத்தார்கள். பருத்தி கலந்த துணி கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. அழுக்கு சீக்கிரம் போகும், வேர்க்குருவும் குறையும்.

பிரைவேட் ஸ்கூல்ல அவங்க சொல்ற கடையிலதான் வாங்கணும்னு கட்டாயப்படுத்துறாங்க. சரியா?

சரியில்லை. பள்ளியை வியாபார இடமாக்கக் கூடாது, புத்தகமும் சீருடையும் குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று நெருக்கக் கூடாது என்று 2017-ல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மற்றத் தனியார் பள்ளிகளாக இருந்தால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஒரே பெற்றோர் தனியாகப் போனால் தயங்குவார்கள், வகுப்புப் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அதே துணி, அதே நிறம் வெளியில் கிடைத்தால் வாங்கித் தையுங்கள். பள்ளியின் சின்னத்தை மட்டும் பள்ளியில் வாங்கித் தைத்துக்கொள்ளலாம்.

ஷூ கிழிஞ்சிபோச்சி. செருப்பு போட்டு அனுப்பலாமா?

அனுப்புங்கள். அடுத்த சம்பளத்தில் ஷூ வாங்கிக்கொள்ளலாம். விளையாட்டு வேளையில் மட்டும் செருப்போடு ஓட விடாதீர்கள், கால் பிசகும்.

பையன் முடியை டீச்சரே கத்திரியால வெட்டிட்டாங்க. ஏன் வெட்டுனீங்கன்னு கேக்கலாமா?

கேட்க வேண்டும். முடியை ஒழுங்காக வெட்டி வரச் சொல்ல ஆசிரியருக்கு உரிமை உண்டு. இரண்டு முறை சொல்லியும் கேட்காவிட்டால் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லலாம். மற்ற பிள்ளைகள் பார்க்க ஒரு பக்க முடியை மட்டும் வெட்டி அனுப்புவது அவமானம்தான், அதைத் தண்டனை என்றுகூடச் சொல்ல மாட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. நம்ம பக்கம் சிறுபான்மையினர் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதற்காக அங்கே அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதற்குத் தமிழ்நாடு 2003-லேயே தடை போட்டுவிட்டது.

பையனிடமும் பேசுங்கள். பதிமூன்று, பதினாலு வயதில் தலைமுடி பெரிய விஷயம். அவன் நினைப்பது தப்பு என்று ஆரம்பிக்காமல், பரீட்சை முடிந்த லீவில் இஷ்டம்போல் வெட்டிக்கொள், பள்ளி நாளில் அளவாக இருக்கட்டும் என்று சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கான், செருப்பே போட மாட்டான். யூனிஃபார்முக்கு என்ன பண்றது?

முதல் நாளே தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் சீருடைக்கு மேல் துண்டு போட்டுக்கொள்ள விடுகிறார்கள். சில பள்ளிகளில் கறுப்பு உடைக்கும் சம்மதிக்கிறார்கள். எத்தனை நாள் என்று தேதியைக் கடிதத்தில் எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலையில் முடி காணிக்கை கொடுத்து வரும் பிள்ளைக்குக் கடிதமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மொட்டையைப் பார்த்துக் கிண்டல் செய்யும் பிள்ளைகளை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

பொண்ணு ஹிஜாப் போட்டுனு போலாமா? கர்நாடகாவுல தடை போட்டாங்களே?

போகலாம். 2022-ல் வந்தது கர்நாடக அரசின் ஆணை. அதை அந்த மாநில உயர் நீதிமன்றம் சரி என்றது. உச்ச நீதிமன்றத்தில் அதே வருடம் அக்டோபரில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு அப்படி ஓர் ஆணை இல்லை. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிள்ளைகள் காலம்காலமாகச் சீருடையோடு தலையை மூடிக்கொண்டுதான் படிக்கிறார்கள். சீருடை நிறத்திலேயே துணி எடுத்தால் நன்றாக இருக்கும். தனியார் பள்ளி என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாமி கயிறுதானே கட்டியிருக்கான், அதையும் ஏன் அறுக்கச் சொல்றாங்க?

இதில் ஆசிரியர்கள் பக்கம்தான் நிற்கிறேன். கோயிலில் கட்டிய மெல்லிய கயிற்றைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. பிரச்சினை, ஒரு குறிப்பிட்ட நிறத்தில் தடிமனாக, கும்பலாகக் கட்டிக்கொண்டு வருவது. எந்த நிறம் எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தது.

எல்லாரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்று நினைப்பதே யார் வீட்டுப் பிள்ளை என்று உடையைப் பார்த்துத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான். மணிக்கட்டில் அதைத் தெரியப்படுத்தினால் சட்டை ஒன்றாக இருந்து பயன் இல்லை. வீட்டிலேயே கழற்றிவிட்டு அனுப்புங்கள். ஆசிரியர் அறுக்கும் நிலைக்கு விடாதீர்கள்.

பொண்ணு வயசுக்கு வந்துட்டா. சடங்கு முடியற வரைக்கும் நிறுத்திக்கட்டுமா?

நிறுத்தாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சடங்கு ஒரு நாள் விஷயம். அதற்காகப் பதினைந்து நாள் நிறுத்தினால் கணக்குப் பாடத்தில் ஒரு அத்தியாயமே போய்விடும், திரும்பி வரும்போது வகுப்புக்குள் நுழையவே கூச்சப்படுவாள்.

பையின் அடியில் ஒரு நியூஸ்பேப்பரில் சுற்றி ஒரு நாப்கினும், ஒரு பேன்ட்டும் எப்போதும் இருக்கட்டும். பள்ளியில் இலவசமாகவும் நாப்கின் தருகிறார்கள். எந்த ஆசிரியையிடம் கேட்பது என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். வெள்ளைச் சட்டை, வெளிர்நிறப் பேன்ட் என்று இருக்கும் பள்ளிகளில், அந்த நாட்களில் மட்டும் அடர்நிறப் பேன்ட்டுக்கு அனுமதி வேண்டும் என்று மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். கூச்சப்படாமல் ஓர் அம்மா எழுந்து கேட்டுவிட்டால் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் ஆகும்.

கேம்ஸ், கூத்துன்னு சுத்தினா படிப்பு கெட்டுப்போயிடாதா?

சத்துவாச்சாரியில் பளு தூக்கிப் பழகிய சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். எல்லாப் பிள்ளையும் அப்படி வரும் என்று சொல்லவில்லை. வரக்கூடிய பிள்ளை நம்ம தெருவிலும் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் இடம் பள்ளி மைதானம்தான் என்று சொல்கிறேன். பொறியியல் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் எனக்குச் சம்மதம் இல்லை. மைதானத்தில் ஓடிவிட்டு வந்த பிள்ளைதான் கடைசி பீரியடில் தூங்காமல் இருக்கும்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஸ்கவுட்டு… எதுல சேக்கறது?

பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதில் சேருங்கள். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மேல்நிலை வகுப்புக்குத்தான். என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) பள்ளிப் பருவத்தில் 'ஏ' சான்றிதழ் வாங்கலாம். பட்டாளத்துக்குப் போவது நம்ம பக்கத்தில் பரம்பரையாக உள்ள ஆசை, கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆனால் என்.சி.சி.யில் சேர்ந்தால் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இதை நிறையப் பேர் கேட்கிறார்கள்.

கலைத்திருவிழாவுக்கு டிரஸ் வாடகைக்கே காசு போவுது. வேணாம்னு சொல்லிடவா?

பிள்ளையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாடகை உடையை வேண்டாம் என்று சொல்லுங்கள். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் இந்த விழா பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகிறது. பள்ளி அளவில் அம்மாவின் பழைய புடவை போதும். மாவட்டத்துக்குத் தேர்வானால் உடைச் செலவைப் பள்ளியோடு பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. தெருக்கூத்து வட ஆற்காட்டு மண்ணின் சொத்து. கட்டை என்னும் மர அணிகளைக் கட்டி, கிரீடம் வைத்து ஆடும் பெரியவர்கள் இன்றைக்கும் நம்ம ஊர்களில் இருக்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு வாடகை ஜிகினா உடை எடுப்பதைவிட, அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு நான்கு சாயங்காலம் அடவு சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக வருவார்கள். கட்டைகளையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

நாங்க ரெண்டு பேரும் ஷூ கம்பெனி வேலை, வர ஏழாயிடும். பிள்ளைங்க சாயங்காலம் எங்க இருக்கும்?

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் அதிகமாக வரும் கேள்வி இது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2021 அக்டோபரில் தொடங்கிய அரசுத் திட்டம் இல்லம் தேடிக் கல்வி. அந்தந்தப் பகுதித் தன்னார்வலரே மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் சொல்லிக் கொடுப்பார். எல்லாத் தெருவிலும் மையம் இருக்காது. உங்கள் பகுதியில் நடக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். வேலூருக்குள் இருப்பவர்களுக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது.

இரண்டும் இல்லையென்றால் தெருவில் நாலு வீடு சேர்ந்து, படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம் மாதம் ஒரு தொகை பேசிப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். பெரிய பிள்ளையிடம் சின்னதைக் கொடுத்துவிட்டுப் போவது வேண்டாம். அந்தப் பெரிய பிள்ளைக்கும் படிப்பு இருக்கிறது. சாயங்காலம் முழுக்கப் பீடி சுற்ற உட்காரவைப்பதும் வேண்டாம். அந்தத் தூள் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது, அதில் வரும் காசு மருந்துக்கே போய்விடும்.

கிளாஸ் டீச்சரே வீட்ல டியூஷன் எடுக்கறாரு. சேக்கலன்னா மார்க் குறைப்பாரோ?

ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. அதனால் சேர்க்காததற்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. பிள்ளைக்குப் புரியாத பாடத்தைப் பள்ளி நேரத்திலேயே இன்னொரு முறை சொல்லித் தரும்படி கேளுங்கள். மார்க்கில் சந்தேகம் வந்தால் விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியரைப் பகைத்துக்கொள்ளாமல் கேட்கத்தான் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான்.

பத்தாவது ஸ்பெஷல் கிளாஸ் முடிய இருட்டிடுது. பொண்ணு தனியா வரணும், அனுப்ப மாட்டேன்னு சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் நேரத்தை மாற்றச் சொல்லிப் பாருங்கள். மாலையில் வைப்பதைக் காலையில் வைக்கலாம். கிராமத்துக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்தால் தலைமை ஆசிரியர்கள் பெரும்பாலும் மாற்றிவிடுகிறார்கள், அவர்களுக்கு அது தெரிந்திருப்பதில்லை. ஒரே பாதையில் போகும் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வழியில் யாராவது தொந்தரவு கொடுத்தால் 1098-ஐக் கூப்பிடலாம் என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். அது குழந்தைகளுக்கான இலவச எண்.

எட்டாவது படிக்கிறா. சாயங்காலம் எதுக்குத் தயார் பண்ணா நல்லது?

தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாவது படிக்கும், குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் உள்ள பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய். மேலே சொன்ன ஒன்பதாம் வகுப்புச் சீருடைச் செலவுக்கு அதுவே போதும். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்தில் அலைய முடியாது.

எல்லாம் சொல்றீங்க, யாரும் கேக்கலன்னா எங்க போறது?

முதலில் தலைமை ஆசிரியர், பிறகு மேலாண்மைக் குழு, பிறகு கல்வி அலுவலர்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடித்தாலோ தவறாக நடந்தாலோ இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், நேராக 1098.

எழுதிக் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்த நாள் என்ன நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும், இவ்வளவு இருந்தால் ஒரு பக்கம் போதும். அதற்கும் பதில் வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். வேலூர்க்காரர்களுக்கு அது சத்துவாச்சாரியில். மனுப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.